38 வயது, ஏஎம்எச் 0.9, வெளியூரில் கணவர்: முதலில் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: எனக்கு 38 வயது, கணவருக்கு 43. தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத்தான் என்று இருந்ததில் 36 வயதில்தான் கல்யாணம் ஆனது. நாமக்கல் பக்கம் கிராமம். அவர் சொந்த லாரியில் வடநாட்டு லைன் ஓட்டுகிறார். போனால் திரும்ப 12, 15 நாள் ஆகும். வந்தால் ஒரு வாரம் வீட்டில் இருப்பார். 14 மாதமாக முயற்சி செய்கிறோம். எனக்கு 25 முதல் 27 நாளுக்குள் மாதவிலக்கு வந்துவிடும். 14, 15ஆம் நாளில் சேர்ந்திருக்கச் சொல்லி, ஐந்து மாதம் லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார்கள். போன மாதம் ஒரு கருத்தரிப்பு மையத்தில் ஏஎம்எச் (சினைப்பையில் மிச்சமுள்ள முட்டையைத் தோராயமாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) 0.9 என்று வந்தது. "முட்டை தீர்ந்துபோச்சு, டோனர் முட்டைதான் வழி" என்கிறார்கள், அதாவது வேறொரு பெண்ணின் முட்டை. கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. கணவருக்கு இதுவரை பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. அவருக்குப் புகையிலை ஒதுக்கும் பழக்கம் உண்டு. எனக்குத் தைராய்டு மாத்திரை 50 ஓடுகிறது, காலையில் காபியோடு போட்டுக்கொள்வேன், டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) 4.8. மாமியார் திருக்கருகாவூர் நெய் வாங்கி வந்திருக்கிறார். யாரோ சொல்லி ஒரு லேகியமும் வாங்கி வைத்திருக்கிறோம். இன்னொன்று: பிளஸ் ஒன் படிக்கும்போது கழுத்தில் கட்டி வந்து ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டேன். முன்பு நாலு நாள் இருந்த தீட்டு இப்போது ஒன்றரை நாள்தான். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டோனர் முட்டைக்கு இப்போது சரி சொல்லாதீர்கள், முன்பணமும் கட்டாதீர்கள். உங்கள் விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: கணவரின் விந்தணு எப்படி இருக்கிறது, உங்கள் கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா, சினைப்பையில் எவ்வளவு முட்டை மிச்சம் இருக்கிறது. 14 மாதத்தில் மூன்றாவது கேள்விக்கு மட்டும், அதுவும் பாதி விடைதான் கிடைத்திருக்கிறது. முதல் இரண்டையும் யாரும் கேட்கவே இல்லை. மூன்றுக்கும் அடுத்த ஒரு மாதவிலக்குச் சுற்றுக்குள் விடை எடுத்துவிடலாம். உங்கள் வயதில் நேரம்தான் பெரிய செலவு. ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று என்று வரிசை கட்டாமல், எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யுங்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, டிபி, தீட்டு குறைந்தது என்று, அதிலிருந்தே தொடங்குகிறேன். சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காசநோய்க் கிருமி நுரையீரலிலோ நெறிக்கட்டியிலோ இருக்கும்போதே ரத்தத்தில் கலந்து கருக்குழாய்களில் போய்த் தங்கக்கூடும். அங்கே வருடக்கணக்கில் வலியோ காய்ச்சலோ இல்லாமல் இருக்கும். குழாயின் உட்சுவர் தழும்பேறி அடைபடும், அல்லது நீர் கோத்து வீங்கும். கருப்பைக்குள் பரவினால் உள்வரிச் சவ்வு கெட்டு, சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும். அப்போது வெளியில் தெரிகிற அடையாளம் தீட்டு குறைந்துகொண்டே போவதுதான். "வயசாகுது, அதான் கொஞ்சமா வருது" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். 38 வயதில் சுற்று ஒழுங்காக வரும்போது நாலு நாள் ஒன்றரை நாளாகச் சுருங்கினால் அதற்குக் காரணம் தேட வேண்டும். நீங்கள் அன்று முழு சிகிச்சை எடுத்ததால் கிருமி இப்போது செத்திருக்கலாம். ஆனால் அது விட்டுப்போன தழும்பு மாத்திரையால் மறையாது. அதனால் குழாய்ப் பரிசோதனை உங்களுக்குத் தள்ளிப்போடக்கூடாத ஒன்று.

அந்தப் பரிசோதனைக்கு எச்எஸ்ஜி என்று பெயர். மாதவிலக்கு தொடங்கிய நாளை 1 என்று எண்ணி, ரத்தப்போக்கு முழுதாக நின்றபின், 7 முதல் 10ஆம் நாளுக்குள் எடுக்க வேண்டும். உங்களுக்குச் சுற்று சிறியது, தீட்டும் சீக்கிரம் நின்றுவிடுகிறது. அதனால் 7ஆம் நாளே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றில் பரிசோதனை முடியும்வரை சேர்ந்திருக்கக்கூடாது. கருப்பை வாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை உள்ளே விட்டுப் படம் எடுப்பார்கள். மருந்து ஏறும் சில நிமிடம் தீட்டு வலியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துப் பிடிக்கும். ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போடச் சொல்வார்கள்; சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அயோடின் அலர்ஜி இருந்தாலோ, அந்தச் சமயத்தில் காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; அப்போது எடுக்கக்கூடாது.

இந்தப் பரிசோதனையில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை உண்டு. வலியிலும் பயத்திலும் கருப்பைத் தசை இறுகினால், குழாய் தொடங்கும் இடம் தற்காலிகமாக மூடிக்கொள்ளும். படத்தில் "இரண்டு குழாயும் அடைப்பு" என்று வந்துவிடும். அடைப்பு குழாயின் தொடக்கத்திலேயே என்று எழுதியிருந்தால் அதை முடிந்த முடிவாக எடுக்காமல் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். குழாயின் நுனியில் அடைபட்டு வீங்கியிருக்கிறது என்றாலோ, குழாய் மணிமாலைபோலத் துண்டு துண்டாகத் தெரிகிறது என்றாலோ, கருப்பைக்குள் ஓட்டைகள்போல நிழல் விழுந்திருக்கிறது என்றாலோ, காசநோயைத் தேடுவது அடுத்த வேலை. அறிக்கைத் தாளோடு படத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போகும் டாக்டர் எல்லாம் படத்தைத்தான் பார்க்க விரும்புவார்கள்.

அப்படித் தேடும் நிலை வந்தால் கருப்பையின் உட்சவ்வில் சிறு துணுக்கு எடுப்பார்கள், அடுத்த தீட்டு வருவதற்குச் சில நாள் முன்பு. எடுத்த துணுக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு ஃபார்மலினில், நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு. இன்னொரு பங்கு சாதாரண சலைனில், கிருமி வளர்ப்புக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும். மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்ப்புச் சோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது. துணுக்கு எடுப்பதற்கு முன்பே "சலைன்ல ஒரு பாட்டில் தனியா போகுதா?" என்று கேட்பதில் தவறே இல்லை. கையில் ஊசி போட்டுத் தடிப்பு பார்க்கும் சோதனை இங்கே உதவாது. நம் நாட்டில் பாதிப்பே இல்லாத பலருக்கும் அது பாசிட்டிவ் காட்டும், அன்று டிபி வந்த உங்களுக்கோ காட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நோய் இப்போதும் உயிரோடு இருக்கிறது என்று உறுதியானால் சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம். வழக்கமாக 6 மாதம். அது முடியும்வரை கரு உண்டாகும் முயற்சியை நிறுத்திவைக்க வேண்டும்.

இனி உங்கள் கணவர். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் மலிவு, வலியில்லாதது, ஒரே நாளில் முடிவது. அது இல்லாமல் உங்களுக்கு ஐந்து மாதம் மாத்திரை கொடுத்தது பயனில்லாத வேலை. லெட்ரோசோல், முட்டை ஒழுங்காக வெளிவராத பெண்களுக்கான மருந்து. 26 நாளுக்கு ஒருமுறை தவறாமல் தீட்டு வருகிறது என்றால் உங்களுக்கு முட்டை வந்துகொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

பரிசோதனைக்குக் கொடுக்கும் முறையில் தவறினால் அறிக்கையும் தவறாகிவிடும். விந்து வெளியேறி 2 முதல் 7 நாள் இடைவெளி இருக்க வேண்டும். 15 நாள் டிரிப் முடித்து வந்து இறங்கிய கையோடு கொடுத்தால், தேங்கிக் கிடந்த பழைய அணுக்கள் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும், நீந்தும் வேகத்தைக் குறைத்துக் காட்டும். ஆகவே வந்த அன்று ஒருமுறை வெளியேற்றிவிட்டு, அதிலிருந்து மூன்றாம் நாள் ஆய்வகத்துக்குப் போகட்டும். அவர்கள் கொடுக்கும் டப்பாவில்தான் எடுக்க வேண்டும். ஆணுறையில் எடுக்கக்கூடாது. சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் படக்கூடாது. முதலில் வரும் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம். அது கீழே சிந்திவிட்டால் கூச்சப்படாமல் அங்கேயே சொல்லிவிட்டு வேறு நாள் கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து, முடிந்தால் அரை மணிக்குள், அதிகம் போனால் ஒரு மணிக்குள் சேர்த்துவிட வேண்டும்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை: அளவு 1.4 மில்லிக்குக் குறையாமல், ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் அணுக்களுக்குக் குறையாமல், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதத்துக்குக் குறையாமல், வடிவம் சரியானவை 4 சதவீதத்துக்குக் குறையாமல். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின் கீழ் எல்லைகள் இவை. "நூத்துக்கு நாலுதான் நல்லா இருக்கா?" என்று பதற வேண்டாம், அந்த நாலே போதும் என்பதுதான் கணக்கு. எல்லைக்குக் கீழே வந்தாலும் ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்டக்கூடாது, இன்னொரு முறை பார்க்க வேண்டும். முந்தைய இரண்டு மூன்று மாதத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், அதுவே எண்ணிக்கையைக் குறைத்திருக்கும்.

ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. இன்று புகையிலையை விட்டால் பலன் மூன்றாவது மாதம் தெரியும். அதனால் அறிக்கைக்காகக் காத்திருக்காமல் இன்றே விடட்டும். விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டிய உறுப்பு. கேபினில் இன்ஜின் சூடு, ரெக்சின் சீட், இறுக்கமான உள்ளாடை, எட்டுப் பத்து மணி நேரம் ஒரே உட்கார்வு, எல்லாம் சேர்ந்து அதைச் சூடேற்றும். பருத்திக் கைலி, தளர்ந்த உள்ளாடை, சீட்டில் பருத்தித் துணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி பத்து நிமிடம் நடை. இவ்வளவுதான் செய்யக்கூடியது, இதைச் செய்தால் போதும். சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். லைனில் ஓடுகிறவர்களுக்குத் தெரியாமலே சர்க்கரை ஏறியிருப்பது சாதாரணம், அது தாம்பத்தியத்தையும் அணுக்களையும் கெடுக்கும். யாராவது "சத்து ஊசி" என்று டெஸ்டோஸ்டீரோன் போட்டுவிடப் பார்த்தால் கண்டிப்பாக வேண்டாம். அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

அடுத்தது நாள் கணக்கு. இங்கேதான் உங்களுக்கு ஆறுதலான செய்தி இருக்கிறது. முட்டை வெளிவந்து சுமார் 14 நாள் கழித்துத் தீட்டு வரும். சுற்றின் இந்தப் பின்பாதிதான் பெரிதாக மாறாதது, முன்பாதிதான் கூடும் குறையும். 28 நாள் சுற்று உள்ளவருக்கு முட்டை வருவது 14ஆம் நாள். 26 நாள் சுற்று உள்ள உங்களுக்கு அது 12ஆம் நாள் சுமார். 25 நாளில் வரும் மாதம் 11. வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். நீங்கள் 14, 15ஆம் நாள் சேர்ந்திருந்தபோது அது போய்ச் சேர்ந்து ஒரு நாள் ஆகியிருக்கும். விந்தணுவோ கருக்குழாய்க்குள் 5 நாள்வரை காத்திருக்கும். அதனால் முட்டை வருவதற்கு முந்தைய நாட்கள்தான் உங்கள் நாட்கள்: 7 முதல் 12 வரை, அதில் 10, 11, 12 மிக முக்கியம். காலண்டரை எடுத்து, இந்த 14 மாதத்தில் அவர் 7 முதல் 12ஆம் நாளுக்குள் வீட்டில் இருந்து நீங்கள் சேர்ந்திருந்த மாதங்களை மட்டும் வட்டமிடுங்கள். அந்த எண்ணிக்கைதான் நீங்கள் உண்மையில் முயற்சி செய்த மாதங்கள். இதையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

இனிமேல் தீட்டு வந்த அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள், லோடு எடுப்பதை அதற்கேற்ப அவர் அமைத்துக்கொள்ளட்டும். 7ஆம் நாளுக்குள் வந்து சேர்ந்து 13ஆம் நாள் கிளம்பினால் போதும். அந்த வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள். முடிந்தால் தினமும்கூடச் செய்யலாம், அதனால் அணுக்கள் தீர்ந்துவிடாது. முடிந்ததும் கொஞ்சம் வெளியே வழிவது எல்லோருக்கும் நடப்பது. காலைச் சுவரில் தூக்கி வைக்கவோ ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கவோ வேண்டியதில்லை, வேண்டிய அணுக்கள் சில நிமிடங்களிலேயே மேலே ஏறிவிடும். வறட்சி இருந்தால் மருந்துக்கடை ஜெல்லி வாங்கிப் பூச வேண்டாம், அவற்றில் பல அணுக்களின் ஓட்டத்தைத் தடுக்கும். "இன்னைக்குத்தான் நாள்" என்று வாசலிலேயே சொல்லி அவரைப் பதற்றப்படுத்தாதீர்கள். 1,500 கிலோமீட்டர் ஓட்டி வந்தவருக்கு அந்த ஒரு வாக்கியமே உடம்பைத் தளர்த்திவிடும். ஒரு வாரம் முழுதும் உங்கள் வாரம் என்று இருந்தால் ஒரு ராத்திரி நடக்காமல் போவது பெரிதாகத் தெரியாது.

நாளை உறுதிசெய்ய மருந்துக்கடையில் கருமுட்டை கிட் கிடைக்கும். 8ஆம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில், மதியமோ மாலையோ, பாருங்கள். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீர் அதிகம் குடிக்காமல் இருங்கள். கர்ப்பக் கிட்டில் மங்கலான கோடும் கணக்கு. இதில் அப்படியல்ல: இரண்டாவது கோடு முதல் கோட்டின் அளவுக்கோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ். அதன்பிறகு ஒன்று ஒன்றரை நாளில் முட்டை வரும். அன்றும் மறுநாளும் சேர்ந்திருங்கள். கிட் இல்லாமலும் தெரிந்துகொள்ளலாம்: அந்த நாட்களில் வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு போல நிறமற்று, வழுக்கி, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் அறுபடாமல் நீளும். அந்த வாரத்தில் மூட்டு வலி, தலைவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போடாதீர்கள். அவை முட்டைப்பை வெடிப்பதைத் தடுக்கக்கூடும். பாரசிட்டமால் போதும்.

ஏஎம்எச் 0.9-க்கு வருகிறேன். உங்கள் வயதுக்கு இது குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "தீர்ந்துவிட்டது" என்று சொல்வது தவறு. இந்த எண், கிடங்கில் எத்தனை மூட்டை மிச்சம் என்று தோராயமாகச் சொல்லும். மூட்டைக்குள் நெல் எப்படி இருக்கிறது என்று சொல்லாது. இயற்கையாகக் கரு உண்டாக மாதம் ஒரு முட்டை போதும், அது உங்களுக்கு வருகிறது. 30 முதல் 44 வயதுவரை உள்ள, குழந்தையின்மை இல்லாத 750 பெண்களைப் பின்தொடர்ந்து 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஏஎம்எச் குறைந்தவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் கர்ப்பமானார்கள். அந்த எண் உண்மையில் பயன்படுவது ஐவிஎஃப்புக்கு (முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் முறை) ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க. உங்களுக்கு அநேகமாகக் குறைவாகத்தான் கிடைக்கும், நாலைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு தீட்டின் 2 அல்லது 3ஆம் நாள் உள்வழி ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் உள்ள சிறு முட்டைப்பைகளை எண்ணச் சொல்லுங்கள். அன்றே எஃப்எஸ்எச், எஸ்ட்ராடயோல் என்ற ஹார்மோன்களின் ரத்தப் பரிசோதனையும். இவை சேர்ந்தால்தான் மூன்றாவது கேள்விக்கு முழு விடை.

தரத்தைத் தீர்மானிப்பது வயது. உங்கள் முட்டைகள் நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உருவானவை, உங்களைவிடச் சில மாதம் மூத்தவை. வெளிவரும் சமயத்தில் குரோமோசோம்களை இரண்டாகச் சரிபாதி பிரிக்கும் நூல்கள் வருடங்கள் ஏற ஏறத் தளர்ந்துவிடுகின்றன. 38 வயதில் உருவாகும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் கூடியோ குறைந்தோ இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒட்டாமலோ ஆரம்பத்திலேயே கலைந்தோ போகும். நாள் தள்ளிப்போகக் கூடுதல் மாதம் ஆவதும் கருச்சிதைவு கூடுவதும் இதனால்தான். இதைத் திருப்பும் மாத்திரை இன்றுவரை இல்லை. கோஎன்சைம், டிஹெச்இஏ என்று மாதம் ஆயிரக்கணக்கில் எழுதித் தருவார்கள். அவற்றால் குழந்தைப் பேறு கூடுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. சினைப்பைக்குள் உங்கள் ரத்தத்தையே பிரித்து ஊசியாகப் போடும் பிஆர்பி இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அதற்கு உங்கள் இரண்டு லட்சத்தைத் தொடாதீர்கள்.

மூன்று விடையும் கையில் வந்ததும் பாதை தானாகப் பிரியும். குழாய் திறந்திருந்து, விந்தணுவும் சரியாக இருந்தால், மேலே சொன்ன சரியான நாட்களில் மூன்று மாதம் முயற்சி செய்யுங்கள். அதிலும் ஆகாவிட்டால் ஐயூஐ (விந்தணுவைப் பிரித்தெடுத்து நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் முறை) இரண்டு, அதிகபட்சம் மூன்று சுற்று. ஆறு, எட்டு என்று ஐயூஐ எடுத்துக்கொண்டே போவது உங்கள் வயதில் நேரத்தை விரயமாக்குவது. நேராக ஐவிஎஃப் போவதும் நியாயமான முடிவே. இரண்டு குழாயும் உண்மையிலேயே அடைபட்டிருந்தால் ஐயூஐயால் ஒரு பயனும் இல்லை, ஐவிஎஃப்தான். குழாய் நீர் கோத்து வீங்கியிருந்தால் ஐவிஎஃப்புக்கு முன்பு அதை நீக்கவோ கிளிப் போட்டு அடைக்கவோ வேண்டும். அந்த நீர் கருப்பைக்குள் வடிந்து, வைக்கும் கருவைக் கழுவிவிடும். வெற்றி வாய்ப்பு பாதியாகிவிடும். கருப்பைச் சுவர் ஒட்டியிருந்தால் முதலில் ஹிஸ்டிரோஸ்கோப்பியில் (கருப்பைக்குள் சிறு கேமரா விட்டுச் செய்யும் சிகிச்சை) அதைப் பிரிக்க வேண்டும். மண் சரியில்லாத இடத்தில் டோனர் முட்டையும் பிடிக்காது. டோனர் முட்டை பற்றி இந்தப் பரிசோதனைகளுக்கு முன் பேசக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

விந்தணு மிகக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு அணுவை ஊசியால் செலுத்தும் இக்சி முறை உண்டு. ஐயூஐயோ ஐவிஎஃப்போ எதற்குப் போனாலும், கணவர் ஊரில் இருக்கும்போதே விந்தை எடுத்து உறைய வைத்துவிடுங்கள், அதற்கு அவர் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். முட்டை எடுக்கும் நாள் கடைசி நேரத்தில்தான் முடிவாகும். அவர் நாக்பூரில் மாட்டிக்கொண்டால் பல நாள் போட்ட ஊசியெல்லாம் வீணாகிவிடும்.

ஐவிஎஃப்பில் 38 முதல் 40 வயதுவரை, சொந்த முட்டையில், ஒருமுறை முட்டை எடுத்து அதிலிருந்து குழந்தை பிறப்பது அமெரிக்க மையங்களின் தொகுப்புக் கணக்கில் ஏறக்குறைய நாலில் ஒன்று. 41, 42 வயதில் எட்டில் ஒன்று. ஒரு மையம் உங்களுக்கு 70, 80 சதவீதம் என்று சொன்னால், "எந்த வயசுக்கு? சொந்த முட்டையிலா, டோனர் முட்டையிலா? கர்ப்பமா, குழந்தை பிறந்த கணக்கா?" என்று மூன்றையும் கேளுங்கள். ஸ்கேன், ஊசி, மயக்க மருந்து, கருவை உறைய வைப்பது, வருடாந்தர வாடகை, அடுத்த முறை வைப்பது எல்லாம் சேர்த்து மொத்தச் செலவை எழுதி வாங்குங்கள். "பேக்கேஜ்" என்று சொல்லும் தொகையில் ஊசி மருந்து சேராமல் இருப்பது வழக்கம். 2021-ன் கருத்தரிப்பு உதவிச் சட்டப்படி பதிவு பெற்ற மையம்தானா என்று சான்றைப் பாருங்கள். அதே சட்டத்தில் பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது வரை என்று எல்லை இருக்கிறது. உங்களுக்கு அதில் அவசரமில்லை. இரண்டு சுற்று சொந்த முட்டையில் நல்ல கரு கிடைக்காமல் போனால் அன்று டோனர் முட்டை பற்றி நிதானமாக யோசிக்கலாம். அது அவமானமான வழியும் அல்ல. ஆனால் கடைசியில் எடுக்க வேண்டிய முடிவை முதல் நாளே எடுக்கச் சொல்கிறார்கள் என்பதுதான் என் ஆட்சேபம்.

இவை ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் உடம்பைத் தயார்செய்யுங்கள். தைராய்டு மாத்திரையைக் காபியோடு போட்டால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, முக்கால் மணி நேரம் கழித்துக் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகள் அதற்கு நாலு மணி நேரம் தள்ளி. இந்த மாற்றத்தோடு, டாக்டர் சொன்னால் அளவையும் கூட்டி, ஆறு வாரத்தில் டிஎஸ்எச் மறுபடி பாருங்கள். கர்ப்பத்துக்கு முன் 2.5-க்குக் கீழே வர வேண்டும். ஃபோலிக் அமிலம் இன்றே தொடங்குங்கள். குழந்தையின் முதுகுத் தண்டு கரு உண்டான நாலு வாரத்துக்குள், பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே உறைக்காத நேரத்தில், மூடிவிடுகிறது. தேவை தினம் 400 மைக்ரோகிராம். கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது 5 மில்லிகிராம், பன்னிரண்டு மடங்குக்கு மேல். அது சர்க்கரை, வலிப்பு மாத்திரை, அதிக உடல் பருமன், முன்பு முதுகுத் தண்டுக் குறையுள்ள குழந்தை போன்ற காரணம் உள்ளவர்களுக்கு. சர்க்கரை மூன்று மாதச் சராசரி, ஹீமோகுளோபின், ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி பார்த்துவிடுங்கள். ரூபெல்லா ஊசி போட வேண்டி வந்தால் அதன்பின் ஒரு மாதம் கரு உண்டாகக்கூடாது; அதனால் எச்எஸ்ஜி எடுக்கும் மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

திருக்கருகாவூர் நெய்யை நம்பிக்கையோடு சாப்பிடுங்கள், ஒரு தடையும் இல்லை. லேகியத்தை மூடி வையுங்கள். பற்பம், செந்தூரம் சேர்ந்த, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்து பிடிபட்டிருக்கின்றன, இரண்டும் கருவுக்கு விஷம்.

நாள் தள்ளிப்போனால் இரண்டு மூன்று நாள் கழித்துக் காலை முதல் சிறுநீரில் பாருங்கள். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையாக 22ஆம் நாளிலிருந்தே கிட் வாங்கிப் பார்த்துக் கலங்க வேண்டாம். முட்டை வெடிக்க எச்சிஜி ஊசி போட்ட மாதத்தில் சீக்கிரம் பார்த்தால் அந்த ஊசியே பாசிட்டிவ் காட்டிவிடும், 14 நாளாவது பொறுக்க வேண்டும். பாசிட்டிவ் வந்த அன்றே தைராய்டு டாக்டருக்குச் சொல்லுங்கள், மாத்திரை அளவைக் கூட்டுவார்கள்.

உங்களுக்கு இன்னொன்று மிக முக்கியம். டிபி தொட்ட குழாய் முழுதாக அடைபடாமல் உள்ளே தழும்பு மட்டும் இருந்தால், கரு கருப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிட வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கடைசித் தீட்டிலிருந்து கணக்கிட்டு 6 முதல் 7 வாரத்துக்குள் உள்வழி ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு பக்கம் அடிவயிற்று வலி, கரும்பழுப்பாகச் சொட்டுச் சொட்டாகத் தீட்டு, தோள்பட்டையில் வலி, கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் கணவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டாரைக் கூட்டிக்கொண்டு, ராத்திரியானாலும், 108-ஐ அழைத்து அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கர்ப்பக் கிட் பாசிட்டிவ் என்பதையும், பழைய டிபி பற்றியும் உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.